ஞாயிற்றுக்கிழமைக் கடிதம்

— நான் தேத்தண்ணி குடிக்க வரேல்லை, அல்பேட். கண்டக்குழியில இருந்து பஸ் மாறி பஸ் மாறி குருநாகலுக்கு வந்தது ஒரேயொரு கேள்வி கேக்க. அந்தக் கடிதம் ஏன் இப்ப எனக்கு வாறதில்லை?

— முதல்ல அந்தக் கதிரையில இருங்க, மாஸ்டர். சபை இரண்டு மணிக்குத்தான் திரும்பக் கூடும். பாலாவிச் சோதனைச் சாவடியில இறக்கி நடக்க விட்டாங்களோ?

— இறக்கினாங்கள். அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்கள். எங்க போறாய் எண்டு கேட்டான். மாகாண சபை உறுப்பினரைப் பாக்க எண்டன். என்ன அலுவல் எண்டான். என்னத்தைச் சொல்லுறது? எனக்கு வந்த கடிதத்தை ஒரு பொம்பிளை பறிச்சுப்போட்டா எண்டு சொல்லுற அளவுக்கு எனக்குச் சிங்களம் வராது.

— டொறத்தியையோ சொல்றீங்க?

— வேற ஆரை? எட்டாம் வகுப்போட நிண்டவ. இருபத்தாறு வருசம் படிப்பிச்ச அன்ரனிப்பிள்ளை நான் உயிரோட இருக்கேக்குள்ள அவவுக்குக் கடிதம். இரண்டு வருசமா, சபை கூடுற கிழமையெல்லாம் நீர் எனக்கெல்லோ எழுதினனீர். நீர் என்ன கேட்டனீர், அவை என்ன மறுமொழி சொன்னவை, கடலுக்குப் போற பாஸ் என்னாச்சு, அகதி முகாமுக்கு அரிசி ஏன் சுணங்கிப் பிந்தி வருது, எல்லாம் வரும். ஞாயிறு பூசை முடிய கோயில் முற்றத்தில ஏறி நிண்டு நான் வாசிச்சா, விளங்குதே, இருநூறு பேர் வாய் திறவாம நிப்பினம்.

— தெரியும், மாஸ்டர். உங்கட குரல் கடற்கரை மட்டும் கேக்கும் எண்டு அம்மாவும் சொல்லுவா.

— இப்ப அவ எப்பிடி வாசிக்கிறா எண்டு ஆரும் உமக்குச் சொன்னவையோ? லொறியால கடிதம் இறங்கின கையோட, மீன் வெட்டின கையைச் சீலையில துடைச்சுப்போட்டு, கவிட்டு வைச்ச வள்ளத்தில குந்தியிருந்து எழுத்துக்கூட்டுறா. "ஒத்திவைப்பு" எண்ட சொல்லில மூண்டு தரம் தடக்கினவ. சனம் சிரிக்குது. அவவும் சேந்து சிரிச்சுப்போட்டு, அப்பிடியெண்டா என்ன எண்டு சனத்திட்டயே கேக்கிறா. மீராசாஹிப் காக்கா பின்னால நிண்டு விளக்கம் குடுக்கிறார். ஒரு பக்கம் வாசிக்க ஒரு மணித்தியாலம்.

— நீங்களும் போய்க் கேட்டீங்களோ?

— நான் ஏன் போறன். கரையில மீன் வாடிக் கொட்டிலுக்குப் பின்னால நிண்டனான்.

— எத்தினை தரம்?

— ஒவ்வொரு தரமும்.

— பிழையா வாசிக்கிறாவோ?

— பிழையெண்டு நான் சொல்லேல்லை. அவவட்டக் கேள்வி கேக்கினம், அல்பேட். பாஸ் எடுக்க எத்தினை படம் குடுக்கவேணும், ஆரைப் போய்ப் பாக்கவேணும் எண்டு கேக்கினம். நான் வாசிச்ச கோயில் முற்றத்தில ஒருத்தரும் ஒரு நாளும் ஒண்டும் கேட்டதில்லை. என்ர மனிசி இருக்கிறாளே, இரண்டு வருசத்தில ஒரு நாள் நல்லா வாசிச்சீங்கள் எண்டு சொல்லாதவள், அடுப்பில இருந்து சட்டியை இறக்கி வைச்சிட்டு ஓடுறாள். திரும்பி வந்து சபையில என்ன நடந்ததெண்டு எனக்கே சொல்லுறாள். எனக்கு, விளங்குதே.

— மாஸ்டர், ஒண்டு சொல்லட்டே? உங்களை நான் தள்ளி வைக்கேல்லை. செபமாலையை ரோந்துக்காரர் பிடிச்சுக்கொண்டு போன நாளில இருந்து என்ர மனம் சரியில்லை.

— டொறத்தியின்ர புருசனைப் பிடிச்சதுக்கும் கடிதத்துக்கும் என்ன?

— அதுதானே எல்லாம். தலவிலக் கோயில் திருநாள் முடிஞ்ச கையோட அந்தக் கட்டளை வந்ததெல்லோ, வெள்ளிக்கிழமை தொடக்கம் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஒரு வள்ளமும் கடலில நிக்கக்கூடாதெண்டு. அரசாங்கக் கந்தோர்ச் சுவரில சிங்களத்தில ஒட்டினவங்க. கண்டக்குழியில இருந்து ஆர் போய் அதை வாசிக்கிறது? எனக்கே செவ்வாய்க்கிழமை சபையிலதான் தெரிய வந்தது. அண்டைக்கே உங்களுக்கு எழுதித் தபாலில போட்டன். வெள்ளிக்கிழமை செபமாலை கடலுக்குப் போயிட்டான். ரோந்து வந்தவங்க வள்ளத்தோட அள்ளிக்கொண்டு போனாங்க. ஏன் பிடிச்சதெண்டு சனத்துக்கு விளங்கினதே ஞாயிற்றுக்கிழமை நீங்க வாசிச்ச பிறகுதான். கடிதம் சனிக்கிழமை பின்னேரம்தான் கிடைச்சதெண்டு நீங்க எனக்குச் சொன்னீங்க.

— சொன்னனான்.

— தபாலை நம்பி ஒரு மனிசனைத் துலைச்சுப்போட்டன் எண்டு நினைச்சன். மூண்டு மாசமாச்சு, இன்னும் தடுப்பில கிடக்கிறான். அதாலதான் இப்ப பாயிஸின்ர மீன் லொறியில குடுத்து விடுறன். லொறி நேரே கரைக்குப் போகும். அங்க முதல் வீடு டொறத்தியின்ர. வந்த உடன வாசிக்கிறா. வராத ஆக்களுக்கு வீட்டுக்கு வீடு நடந்து போய்ச் சொல்லுறா. வேற ஒரு காரணமும் இல்லை.

— அப்ப நல்லதுதானே. அவவே வாசிக்கட்டும். இனி எழுத்துக்கூட்டத் தெரிஞ்சா ஊருக்குக் காணும்.

— கோவிக்காதேங்க. போன கிழமை டொறத்தியே எனக்கொரு துண்டு எழுதி விட்டவ. சட்டைப் பையிலதான் கிடக்கு, கேளுங்க. "மாஸ்டர் வாடிக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு கேக்கிறார். எனக்கு வாசிக்கேலாமல் கிடக்கு. கடிதத்தை லொறியில அவருக்கே குடுத்து விடுங்கோ. அண்டைக்கு அது நேரத்துக்கு வந்திருந்தா மாஸ்டர் என்ர மனிசனைக் கடலுக்கு விட்டிருக்க மாட்டார்."

— அவ என்னைக் கண்டவவோ?

— கண்டிருக்கிறா. ஆனபடியால் வாற கிழமையில இருந்து கடிதம் உங்களுக்கே. இனி மனத்தாங்கல் இல்லைத்தானே?

— அந்தத் தேத்தண்ணியைத் தாரும். பஸ்ஸில வந்த களை.

— நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. தபால் விசயத்தையும் நான் விடேல்லை. முறைப்பாடு எழுதி எழுதி, இப்பத்தான் அசைஞ்சிருக்கினம். சிவகுருவை வேலையால நிப்பாட்டி வைச்சிருக்கு. திங்கட்கிழமை விசாரணை.

— தபால்காரன் சிவகுருவையோ?

— ஓம். கடிதம் சுணங்கித்தான் வந்ததெண்டு நீங்க இந்த முறைப்பாட்டுக் கடுதாசியில ஒரு கையெழுத்துப் போட்டாக் காணும்.

— அவனுக்கு நாலு பொம்பிளைப் பிள்ளையள். மூத்தவளுக்கு உடப்பு ஊரில கலியாணம் பேசியிருக்கு.

— தெரியும், மாஸ்டர். எனக்கும் கவலைதான். எண்டாலும் ஒரு மனிசன் உள்ளுக்குக் கிடக்கிறானே. ஆரோ பதில் சொல்லத்தானே வேணும். இந்தாங்க, பேனை.

— பேனையை அங்கால வையும், அல்பேட். கடிதம் சுணங்கேல்லை.

— என்ன சொல்றீங்க?

— வியாழக்கிழமை காலமை பத்து மணிக்கு சிவகுரு என்ர கையில தந்தவன்.

— வியாழக்கிழமையோ? உடைச்சு வாசிச்சீங்களோ?

— இரண்டு தரம் வாசிச்சனான். எந்த இடத்தில நிப்பாட்டுறது, எந்த இடத்தில குரலை ஏத்துறது எண்டு பென்சிலால கோடும் போட்டனான்.

— அதில கடல் தடை முதல் வரியிலயே கிடந்ததே. பிறகேன் ஊருக்குச் சொல்லேல்லை?

— சொல்லிப்போட்டா ஞாயிற்றுக்கிழமை வாசிக்க என்ன இருக்கும்? தெரிஞ்ச கதையைக் கேக்க வெயிலுக்க ஆர் நிப்பினம்? இப்பிடி ஒரு செய்தி உம்மட்ட இருந்து அதுக்கு முதல் வந்ததில்லை. அதைச் சொல்லேக்குள்ள சனத்தின்ர முகத்தைப் பாக்கவேணும் எண்டு ஆசைப்பட்டன். காத்தும் அடிச்சுக்கொண்டு கிடந்தது. இரண்டு நாளைக்கு ஒரு வள்ளமும் இறங்காது எண்டு நினைச்சன்.

— சரி. செபமாலை இறங்கினது உங்களுக்குத் தெரியாதுதானே. அதையாவது நான் டொறத்திக்குச் சொல்லுறன்.

— அதைச் சொல்லாதையும். வெள்ளி பின்னேரம் வலையும் தோளுமா என்ர படலையடியில வந்து நிண்டு, "மாஸ்டர், அல்பேட்டின்ர கடிதம் வந்ததோ, இறங்கலாமோ" எண்டு கேட்டவன். இன்னும் வரேல்லை, நீ போயிட்டு வா எண்டு நான்தான் அனுப்பினனான்.