வீக்கமில்லாதவருக்கு வீக்கக் குளிசை கொடுத்த ஞானேஸ்வரி அம்மையாருக்கு

பாலையடிக்குளம் பிரதேச வைத்தியசாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் மருந்தாளராக மாண்புறப் பணியாற்றி, அறுபது அகவை நிறைந்து இன்று ஓய்வுபெறும் திருமதி ஞானேஸ்வரி சிவராசா அவர்களுக்கு, உங்களோடு ஒன்றாய் உழைத்தோர் உவகை பொங்க வாசித்தளிக்கும் மடல்.

மருந்தறையின் மாண்பே! குளிசையின் குணமறிந்து, கொள்பவரின் நிலையறிந்து கொடுத்த குணக்குன்றே! கையெழுத்து விளங்காத வைத்தியர்களைக் கதிரையில் இருத்தித் திரும்ப எழுதுவித்த கண்டிப்பின் கொழுந்தே! வணக்கம்!

கனகராயன்குளத்திலிருந்து நாள்தோறும் வந்த நீங்கள் ஒருநாளும் பிந்தியதில்லை என்று எழுத எமக்கு ஆசைதான். ஆனால் காலை பஸ் எங்களைப் பொய்யராக்கிவிடும். பிந்திய நாட்களிலும் உங்கள் யன்னலில் வரிசை குழம்பியதில்லை, அம்மா.

கொரோனா கொடிகட்டிப் பறந்த இரண்டாயிரத்து இருபத்தோராம் ஆண்டை எப்படி மறப்போம்! மூட்டு நோவுக்கும் முட்டு என்னும் ஆஸ்துமாவுக்கும் காலங்காலமாய்க் கொடுத்துவந்த டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான பழைய குளிசை, மூச்சுக்குத் தவிக்கும் கொரோனா நோயாளரையும் காக்கிறது என்ற சுற்றறிக்கையை ஏந்திக்கொண்டு நோயாளர் விடுதிக்கு ஓடி வந்தீர்களே! "எங்கட அலுமாரிக்குள்ளயே கிடந்திருக்கு, பாருங்கோ!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் பணிப்பாளரே எழுந்து வந்துவிட்டார்.

அந்த வேளையில்தான் முல்லைத்தீவுக் கரையிலிருந்து கடற்றொழிலாளி மரியநேசன் ஒக்சிசன் குழாயோடு வந்து சேர்ந்தார். ஆளணி போதாத காலம். குளிசை உறையை நோயாளர் கையிலேயே கொடுத்துவந்தோம். இரண்டு நாளாகியும் அவர் தேறவில்லை, ஒக்சிசன் அளவு எண்பத்தாறுக்கு இறங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அம்புலன்ஸ் தேடி நாங்கள் ஓட, நீங்கள் தலையணையைத் தூக்கிப் பார்த்தீர்கள். கொடுத்த குளிசைகள் அத்தனையும் அங்கே இருந்தன.

"எனக்கு ஒரு இடமும் வீங்கேல்லை மிஸ். வேற ஆரின்ரயோ மருந்தை மாறித் தந்திட்டினம்," என்றார் அவர் மூச்சு வாங்கியபடி. உறையில் நாங்கள் வழமையாகக் குத்தும் முத்திரை, 'வீக்கத்துக்கு'!

"அவரில பிழையில்லை, எங்கட முத்திரையிலதான் பிழை," என்று எங்கள் வாயை அடைத்தீர்கள். பிறகு அவரருகே குனிந்து, "வீக்கம் நெஞ்சுக்குள்ள இருக்கு ஐயா. கிருமியோட சண்டைக்கு வெளிக்கிட்ட உடம்பு இப்ப உங்கட நுரையீரலையே அடிக்குது. இந்தக் குளிசை கிருமியைக் கொல்லாது, அந்த அடிபாட்டை அடக்கும்," என்றீர்கள். அவர் விழுங்கும்வரை அசையாமல் நின்றீர்கள். நான்காம் நாள் மனிதர் சோறும் மீன்குழம்பும் கேட்டாரே, விடுதியே துள்ளியது!

வீடு திரும்பும் நாளில் அவர் மனைவி சுசிலாவுக்கும் அதே தொற்று. "எனக்குத் தந்ததை அவவுக்கும் தாங்கோவன் மிஸ்!" என்று கெஞ்சினார், பின்னர் கத்தினார். நீங்கள் "இல்லை" என்றீர்கள். "அவவின்ர மூச்சு நல்லாயிருக்கு. இப்ப கிருமியோட அடிபட அவவுக்குத் தெம்பு வேணும். இது அதைக் கட்டிப்போடும்," என்றீர்கள். வெட்கத்தோடு சொல்கிறோம்: ஒரு குளிசைதானே, கொடுத்தால் என்ன என்று நாங்களும் முணுமுணுத்தோம். நீங்கள் மசியவில்லை. ஒக்சிசன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவி ஒன்றைக் கொடுத்தனுப்பி, ஒன்பது நாளும் காலை மாலை தொலைபேசியில் அளவு கேட்டீர்கள். சுசிலா அந்தக் குளிசை இல்லாமலே சுகமானார். ஒரே வீட்டில் ஒருவரைக் கொடுத்துக் காத்தீர்கள், மற்றவரைக் கொடுக்காமல் காத்தீர்கள்!

பழைய அழற்சி மருந்துகளுக்குள் புதிய வைரசுகளுக்கான விடையை உலகம் தேடும் உற்சாகக் காலம் இது. அப்படியொரு செய்தி வந்தால் மருந்தறைக் கதவில் ஒட்டி, கீழே சிவப்பு மையால் 'யாருக்கு? எப்போது?' என்று எழுதுவீர்கள். அந்தக் கதவுக்கு இனி வண்ணம் பூச விடமாட்டோம்.

அன்பு அம்மையீர்! கணவர் சிவராசா அவர்களோடும் பேரப்பிள்ளைகளோடும் நோய்நொடி நெருங்காது, நூறாண்டும் நகைச்சுவை குன்றாது நீங்கள் வாழ வேண்டும்! நாளை காலை யாரோ ஒருவர் அழுதுகொண்டு யன்னலுக்கு வருவார், தனக்குத் தீங்கான மருந்தையே கேட்பார். எங்களுக்கு மனம் இளகும், கை அலுமாரிக்குப் போகும். ஆனாலும் அந்த "இல்லை"யை இனி நாங்கள் சொல்வோம். பயப்படாமல் போய்வாருங்கள்.

இங்ஙனம்,
உங்களிடம் ஏச்சு வாங்கி வளர்ந்த
பாலையடிக்குளம் வைத்தியசாலை ஊழியர்கள்