கப்பல் புத்தகம்

— இதுவும் வேண்டாமாம் டீச்சர். பல்லு வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட போற ஒட்டகம். படத்தைப் பாத்து நானே சிரிச்சேன், அவ சிரிக்கல. இந்தாங்க, நீங்களே வச்சுக்குங்க.

— மப்ரூக்கா, பிள்ளை எத்தனை பக்கம் பாத்தா?

— எங்க பாத்தா? மடியில வச்சேன், வச்ச மாதிரியே கிடந்துச்சு. பேன் பாக்கத் தலையக் குடுத்துட்டு உக்காந்திருப்பாங்கல்ல, அந்த மாதிரி உக்காந்திருந்தா.

— உக்காருங்க. கதவைச் சாத்தாதீங்க. கரண்ட் இல்ல, பதினோரு மணிக்கு மேல இந்த இரும்புப் பெட்டிக்குள்ள ரெண்டு பேரும் அவிஞ்சு போயிருவோம்.

— தெர்னா ஊரு முழுக்க லைப்ரரி லைப்ரரின்னு பேச்சு. வந்து பாத்தா சரக்கு ஏத்துற கன்டெய்னரு.

— பழைய லைப்ரரிய வெள்ளம் கொண்டு போனதுக்கப்புறம் இதுதான் கிடைச்சுது. டீ குடிங்க. மேல வறுத்த கடலை போட்டிருக்கேன்.

— டீ இருக்கட்டும். நான் சொல்றேன் கேளுங்க. பதினோரு நாளாச்சு. எங்கண்ணன் மக வாயில ஒரு துண்டு ரொட்டி ஒழுங்கா இறங்கல. பேச்சும் இல்ல. அண்ணன் நேத்து தீத்துச் சொல்லிட்டான். வியாழக்கிழமைக்குள்ள ஒரு புத்தகத்தையாவது தொடலேன்னா பள்ளிக்கூடம் போதும், வீட்டுல கிடக்கட்டும்னு. வீட்டுல கிடந்தா தஸ்னீம் சுவத்தைப் பாத்துக்கிட்டே செத்துருவா டீச்சர். எதையாவது எடுத்துக் குடுங்க.

— எதையாவது எடுக்க முடிஞ்சா அன்னைக்கே எடுத்திருப்பேனே. இங்க வாங்க, இந்த வரிசையப் பாருங்க. இது எப்படி இருக்கு?

— பளபளன்னு இருக்கு. நல்லா இருக்கே!

— அட்டைதான் பளபளப்பு. உள்ள ஒரு சின்ன படம், மிச்சமெல்லாம் எழுத்து. அதுவும் டிவியில செய்தி வாசிக்கிற பேச்சு. எந்த வீட்டுல அம்மா பிள்ளைகிட்ட அப்படிப் பேசுறா? எட்டு வயசுப் பிள்ளை ரெண்டு வரி பாத்துட்டு, இது எனக்கில்லன்னு மூடிரும்.

— அப்ப இது? வெள்ளை வெள்ளையா என்னமோ இருக்கு.

— பனி. புத்தகம் பூரா பனி. தானமா வந்தது. வேர்த்து ஊத்திக்கிட்டு பிள்ளைங்க அதைப் பாத்து, டீச்சர் இது உப்பாங்குதுங்க.

— நானும் உப்புன்னுதான் நெனச்சேன். சரி, இதுல ஏன் கடைசிப் பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு?

— பசை போட்டு நான்தான் ஒட்டினேன். கதை நல்ல கதை. முடிஞ்சதும், 'இக்கதையால் நீ அறிந்த நீதி யாது?'ன்னு ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பயந்தே பிள்ளைங்க கதையப் பாதியில விட்டுட்டு ஓடுதுங்க.

— பொல்லாத ஆளுதான் நீங்க. அப்ப இது? இதுல எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

— அதைக் கீழ வைங்க.

— ஏன்?

— வெள்ளத்துக்கப்புறம் நம்ம பிள்ளைங்களுக்குன்னே யாரோ செஞ்சு அனுப்பினது. வெள்ளம் வருது, வடியுது, கடைசிப் பக்கத்துல அப்பா, அம்மா, பாட்டி, பூனை, எல்லாரும் திரும்பக் கிடைச்சுடுறாங்க. போன வாரம் ஒரு பையன் அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சுத் தின்னுட்டான்.

— யா ரப்பி, என் ஆண்டவனே.

— நான் திட்டல. தண்ணி குடிக்க வச்சு அனுப்பிட்டேன்.

— சுவத்துல பெருசா எழுதி ஒட்டியிருக்கீங்களே, என்ன அது? எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே.

— என் சட்டம். 'படம் பார்க்கும் பிள்ளையைத் திருத்தாதே.' படம் பாக்குற பிள்ளைகிட்ட அது என்ன, இது என்ன, சரியாச் சொல்லுன்னு நோண்டக் கூடாது. நோண்டினா அதோட போச்சு. இருபத்திரெண்டு வருஷமா நான் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்.

— தஸ்னீம் ஒண்ணைத் தொட்டாளே டீச்சர். அந்தக் கப்பல் புத்தகம். அதை மட்டும் ஏன் தொட்டா, அப்புறம் ஏன் விட்டா? எனக்கு அது புரியவே இல்ல.

— தேடித் தேடி எடுத்தது அது. எழுத்தைப் பாத்தாலே முகத்தைத் திருப்பிக்கிறாளேன்னு, ஒரு எழுத்துகூட இல்லாத புத்தகமாப் பாத்து எடுத்தேன். வெறும் படம். கையில குடுக்கல. அந்த மூலையில சும்மா போட்டுட்டு என் வேலையப் பாத்தேன். மறுநாள் அவளே போய் எடுத்தா. பதினாறு நாள் மப்ரூக்கா! மணி அடிச்சதும் ஓடி வருவா, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காருவா, பாத்து முடிச்சுட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிருவா. நான் எட்டிக்கூடப் பாக்கல.

— அப்புறம்?

— கல்வி அலுவலகத்திலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. கேமரா, ரெண்டு மூணு ஆளுங்க. அதைப் பாத்து மிரண்டுட்டா போல. அன்னைக்கு வச்சதுதான், அப்புறம் அதைத் தொடவே இல்ல. கண்ணுல பட்டா மிரளுவாளோன்னு நான்தான் அலமாரில வச்சுப் பூட்டினேன்.

— கேமராவுக்கா மிரளுவா? என் மகன் கல்யாணத்துல கேமரா முன்னாடி ஆடினவ. அந்தப் பதினாறு நாளும் வீட்டுல எப்படி இருந்தா தெரியுமா? நான் மாவு பிசைவேன், எதுத்தாப்புல உக்காந்துக்கிட்டு எனக்குக் கதை சொல்லுவா. ஒரு வருஷமா வாய் திறக்காத பிள்ளை! முதல்ல வெறும் கடலாம். வேற ஒண்ணுமே இல்லையாம்...

— கடல் கடைசியில வரும்.

— இல்ல டீச்சர், முதல்ல. தினமும் அப்படித்தான் சொன்னா. முதல்ல கடல். அப்புறம் தூரத்துல ஒரு புள்ளி. புள்ளி பெருசாகுது, பாத்தா கப்பல். கப்பல்ல மஞ்ச முக்காடு போட்ட ஒரு பொம்பள. இறங்கி மேட்டுல ஏறி வர்றா. வீட்டு ஜன்னல்ல விளக்கு எரியுது. கதவைத் திறந்து உள்ள போறா. மேசையில மூணு தட்டு, எல்லாரும் உக்காந்து சாப்பிடுறாங்க. அவ்வளவுதான் கதை. சொல்லி முடிச்சதும், அத்தை, எனக்கும் ரொட்டிம்பா. சுடச்சுடப் போடுவேன், ரெண்டு தின்னுவா... என்ன டீச்சர்? ஏன் இப்படிப் பாக்குறீங்க?

— இருங்க. சாவி எங்க வச்சேன்? இருங்க, எடுத்துக் காட்டுறேன்... இந்தாங்க. இதுதான் அது. இதைத் திறங்க பாப்போம்.

— திறந்துட்டேன். இதோ கடல். நான் சொன்னேன்ல?

— நீங்களும் அந்தப் பக்கமாத்தான் திறக்கிறீங்க.

— வேற எந்தப் பக்கம் திறப்பாங்க? குர்ஆனை எடுத்தா வலது பக்கத்துலேர்ந்துதானே திறக்கிறோம்? எழுத்துத் தெரியாத எனக்கே தெரியும் அது.

— இது வெளிநாட்டுப் புத்தகம் மப்ரூக்கா. நம்ம எழுத்து வலதுலேர்ந்து இடது, அவங்களது இடதுலேர்ந்து வலது. நாம முடிக்கிற பக்கத்துலதான் அவங்க ஆரம்பிப்பாங்க. நமக்கு முன்னட்டை, அவங்களுக்குப் பின்னட்டை.

— அப்ப அவங்க கதை?

— தலைகீழ். மேசையில மூணு பேரு சாப்பிடுறாங்க. அந்தப் பொம்பள எழுந்திருக்கிறா. முக்காட்டைப் போட்டுக்கிட்டு மேட்டுலேர்ந்து இறங்கிப் போறா. கப்பல் ஏறுறா. கப்பல் சின்னதாகிக்கிட்டே போகுது. புள்ளி. கடைசியில வெறும் கடல்.

— திரும்பி வரலையா?

— வரல. அதோட புத்தகம் முடிஞ்சுது.

— இது என்ன பிள்ளைங்க கதை! இதை எவன் எழுதினான்?

— பரிசு வாங்கினதுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க.

— அவன் பரிசுல மண் விழ. தஸ்னீமுக்கு இது தெரியாதுல்ல? அவளுக்கு யாரும் சொல்லலையே?

— டீ ஆறுது, குடிங்க.

— டீச்சர்.

— நான்தான் சொன்னேன். அந்த அலுவலகத்து அம்மா பாத்துட்டு, 'உங்க பிள்ளைக்குப் புத்தகத்தை எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூடத் தெரியலையே'ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மானம் போன மாதிரி ஆயிடுச்சு. பக்கத்துல போய் உக்காந்து, 'கண்ணு, நீ கடைசியிலேர்ந்து பாக்குற, இங்கேர்ந்து ஆரம்பி'ன்னு திருப்பிக் கையில குடுத்தேன். ஒண்ணும் பேசல. ஒவ்வொரு பக்கமாப் பாத்தா. முடிச்சா. மூடி வச்சுட்டு எழுந்து போனா.

— சுவத்துல அவ்வளவு பெருசா எழுதி ஒட்டியிருக்கீங்களே!

— ஆமா.

— அவகிட்ட நான் என்ன சொல்லி வச்சிருக்கேன் தெரியுமா? உங்கம்மா நுவாரா சாகலடி, வெள்ளத்துல கால்ல அடி, கப்பல்ல கடலுக்கு அந்தப் பக்கம் மால்டா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க, குணமானதும் வந்துருவான்னு சொல்லி வச்சிருக்கேன். ஒரு வருஷமா.

— ஏன் அப்படிச் சொன்னீங்க?

— வேற என்னத்தைச் சொல்ல? இதுதான் உங்கம்மான்னு காட்ட ஒரு குழி உண்டா? ஆத்து வெள்ளம் வீட்டோட கடலுக்கு இழுத்துட்டுப் போயிருச்சு, மூணு வாரம் கரையெல்லாம் தேடினோம். ஒரு செருப்புகூடக் கிடைக்கல. நான் சொன்ன கப்பல் வந்துருச்சுன்னு இந்தப் புத்தகத்துல பாத்திருக்கா. அதை நம்பித்தான் பேசினா, அதை நம்பித்தான் சாப்பிட்டா. நீங்க அதைத் திருப்பி வச்சுக் கெடுத்துட்டீங்க!

— என்னைத் திட்டுங்க. நல்லாத் திட்டுங்க.

— திட்டி என்ன ஆகப் போகுது? புத்தகத்தைக் குடுங்க. வீட்டுக்குக் கொண்டு போய், டீச்சர் சொன்னது தப்பு, அந்த அம்மா சொன்னதும் தப்பு, நம்ம ஊருல இப்படித்தான் திறக்கணும்னு சொல்றேன். அவங்க முன்னட்டையப் பிச்சுப் போட்டுடுவோம். நீங்களும் வந்து சொல்லுங்க, நீங்க சொன்னா நம்புவா. அம்மா கப்பல்ல வருவான்னு திரும்ப நம்பிட்டாப் போதும்... இது என்ன டீச்சர்?

— எது?

— இந்தக் கடல் பக்கத்துல. அடியில, தண்ணிக்குள்ள. பென்சில் கீறல் மாதிரி இருக்கு. சாச்சுப் பிடிச்சாத்தான் தெரியுது. மீனு கீனு வரைஞ்சிருக்காளா?

— காட்டுங்க... மீன் இல்ல. எழுத்து.

— வேற பிள்ளைங்க கிறுக்கியிருக்கும்.

— வேற யாரும் இதைத் தொட்டதில்ல. தஸ்னீம் கைதான். எழுத்தை அழுத்தி அழுத்தி ஒண்ணு மேல ஒண்ணு ஏத்துவா, வெள்ளத்துக்கு முன்னாடி அவ நோட்டுல பாத்திருக்கேன்.

— அவதான் எழுதவே மாட்டேங்கிறாளே! என்னன்னு படிங்க. எனக்குத் தெரியாதுன்னு தெரியும்ல, படிங்க டீச்சர்.

— 'அம்மா'.

— எப்ப எழுதினா? நீங்க திருப்பிக் குடுத்தப்புறமா?

— அன்னைக்கு அவ கையில பென்சில் இல்ல. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அப்புறம் புத்தகம் பூட்டின அலமாரில. இது முன்னாடியே எழுதினது.

— அப்படின்னா மால்டா?

— உங்க மால்டாவை அவ ஒரு நாளும் நம்பல மப்ரூக்கா. அம்மா எங்க இருக்கான்னு அவளுக்குத் தெரியும். அவளோட முதல் பக்கமே அதுதான்.

— தெரிஞ்சுக்கிட்டே தினமும் இங்க ஓடி வந்து என்னதான் செஞ்சா?

— அம்மாவைத் தண்ணிலேர்ந்து எடுத்து, மேட்டுல ஏத்தி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சாப்பிட வச்சா. பதினாறு நாள் அதைத்தான் செஞ்சா. பதினேழாவது நாள் நான் பக்கத்துல உக்காந்து, அவ கையாலயே திரும்பக் கடல்ல போட வச்சேன்.