ஆல்ட்டோவில் ஓர் அடக்கம்

ஆராதனை முடிந்து வெளியே வருகிற ஜனங்களைக் கவனித்திருக்கிறீர்களா, ஆயர் ஐயா? செருப்பைத் தேடும்போதும் சைக்கிள் பூட்டைத் திறக்கும்போதும் எல்லாரும் ஒரே வரியைத்தான் முனகுவார்கள். அதுதான் மெட்டு. நாங்கள் பன்னிரண்டு பேர் நான்கு குரலில் பாடியிருப்போம். வீட்டுக்குப் போவது ஒரு குரல்தான்.

நீங்கள் இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பாடகர் குழுவை நான் எடுத்து நடத்த வேண்டும் என்று போன வாரம் கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் குழு ஏன் இப்படிக் கிடக்கிறது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் ஆல்ட்டோ. பெண்களில் கீழ்க்குரல். மெட்டு மேல்குரலிடம், அதாவது சோப்ரானோவிடம் இருக்கும். நாங்கள் அதற்குக் கீழே வேறு சுரங்களைப் பாடி அதைத் தாங்குவோம். தனியாகக் கேட்டால் எங்களுடையது பாட்டாகவே இருக்காது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் வாய்க்குள்ளேயே முனகுகிற மாதிரி இரண்டு மூன்று சுரத்தையே சுற்றிக்கொண்டிருக்கும்.

எனக்கு மேல்குரல் வரும். ப்ளஸ் டூ படிக்கும்போது க்வயர் மாஸ்டர் சுந்தர்சிங் சார் என்னைப் பாடச் சொல்லிக் கேட்டார். நல்ல குரல் என்றார். அப்பா என்ன செய்கிறார் என்றார். தாம்பரம் யார்டில் ரயில் பெட்டி கழுவுகிறார் என்றேன். ஆல்ட்டோ வரிசையில் போய் நிற்கச் சொன்னார். மெட்டை அவருடைய மகள் பியூலாவுக்குக் கொடுத்தார். அவள் அப்போது என்னைவிடச் சின்ன வகுப்பில் படித்த பிள்ளை. இதற்காக நான் எதையும் செய்யவில்லை, அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பி.எஸ்ஸி. முடித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி. திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலைக்குச் சேர்ந்தேன். ஞாயிறு தவறாமல் ஆல்ட்டோ பாடினேன்.

1991 மழையில் அப்பா இறந்தார். பீர்க்கன்கரணை ஏரி நிரம்பி எங்கள் சந்தில் முழங்கால் தண்ணீர். அடக்கத்துக்குக் குழு வர வேண்டும் என்று சுந்தர்சிங் சார் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

“அவ்ளோ தண்ணியில பொம்பளப் புள்ளைங்கள எப்படிம்மா கூட்டிட்டு வர்றது? கிறிஸ்மஸ் ப்ராக்டிஸ் வேற. நீ இருக்கேல்ல, நீயே ஆரம்பிச்சுடு, ஜனங்க புடிச்சுக்குவாங்க” என்றார். கதவருகில் பியூலா நின்றுகொண்டிருந்தாள்.

அதே மழையில், அதற்கு முந்தைய வாரம், சேலையூரில் ஒரு பாங்க் மேனேஜரின் அம்மா அடக்கத்துக்கு நாங்கள் பன்னிரண்டு பேரும் வேன் வைத்துப் போய்ப் பாடினோம்.

கல்லறையில் உங்களுக்கு முன்னால் இருந்த ஆயர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வாயைத் திறந்தேன். ஆல்ட்டோ வந்தது. அத்தனை வருஷம் தொண்டையில் பழகிப்போன பாதை. மெட்டுக்கு மாறப் பார்த்தேன். அழுகிற தொண்டை தெரிந்த வழியிலேயே போகிறது, திரும்பமாட்டேன் என்கிறது. யாராலும் கூடச் சேர்ந்து பாட முடியவில்லை. ஏரிக்கரை ஜனங்கள், யார்டு ஆட்கள், எல்லாருக்கும் அந்த அடக்கப் பாட்டு நன்றாகத் தெரியும், ஆனால் நான் பாடியது அதுதான் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் அக்கா என் தோளைத் தட்டினாள்.

“இன்னாடி பாட்டு இது? எங்க புட்சிக்கினு பாட்றது? மெட்டு வந்தாதானேடி அழுவ வரும்.”

அவள் சொன்னது சரி. யாரும் அழவில்லை. குழப்பத்தோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர் வாட்சைப் பார்த்தார். முப்பது வருஷம் ஊரார் அழுக்கைக் கழுவின மனுஷன் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் மண்ணுக்குள் போனார்.

அடுத்த ப்ராக்டிஸுக்குப் போனேன். நான் உள்ளே நுழைந்ததைப் பார்க்காமல் ஒருத்தர் சொல்லிக்கொண்டிருந்தார்: “கேட்டீங்களா, கிருபா அவங்க அப்பாவ ஆல்ட்டோலயே அடக்கம் பண்ணிட்டாங்களாம்.” பியூலா சிரித்தாள். கணகணவென்று, மேல் ஸ்தாயியில், அவள் பாடுகிற மாதிரியே சிரித்தாள்.

நான் என் இடத்தில் போய் நின்றேன்.

பி.எஸ்ஸி.யில் நான் எடுத்தது இயற்பியல். இரண்டு சுரங்கள் சேர்ந்தும் சேராமலும் நின்றால் ஒலி நடுங்கும், காதில் மணலை அரைத்த மாதிரி இருக்கும். லேப்பில் இரண்டு இசைக்கவையை வைத்துச் செய்து பார்த்திருக்கிறேன். எது தப்பு என்று அந்த நடுக்கத்தைக் கேட்டு யாராலும் சொல்ல முடியாது. அப்படியானால் ஜனங்கள் எதைத் தப்பு என்பார்கள்? தங்களுக்குக் கேட்கிற குரலைத்தான். அவர்களுக்குக் கேட்பது ஒரு குரல்தான் என்று முதலிலேயே சொன்னேன்.

அதனால் வரியின் கடைசியில் நீட்டி நிற்கிற சுரத்தில் மட்டும் நான் ஒரு நூல் கீழே இறங்கி நின்றேன். ஆல்ட்டோவில் என்னோடு ஜெயசீலியும் ஞானஜோதியும். இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துப் பாடுகிறவர்கள். நான் இறங்கினால் அவர்களும் இறங்குவார்கள். ப்ராக்டிஸில் சுத்தமாகப் பாடினேன். ஆராதனையில் சுந்தர்சிங் சார் ஆர்கனில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். அவர் காது எப்போதும் மகள் மேல்தான்.

கொஞ்சநாளிலேயே வெளிப் படிக்கட்டில் பியூலாவைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. “அந்தப் பொண்ணுக்குத் தொண்டை கெட்டுப் போச்சுபோல. கேக்கவே கூசுது” என்றார்கள். அதே ஜனங்கள் என்னைப் பார்த்து, “நீங்க மூணு பேரும் அழகா அடக்கமா பாடுறீங்கம்மா” என்றார்கள். தாங்க்ஸ் ஆன்ட்டி என்றேன்.

சுந்தர்சிங் சார் அவளைப் பல்லாவரத்தில் ஒரு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனார். தொண்டையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும், அப்படியானால் திமிர்தான் என்று முடிவுக்கு வந்தார். விடிந்ததும் ஹார்மோனியத்தின் முன்னால் உட்கார வைத்தார். தோழிகளோடு பேசினால் குரல் வீணாகும் என்று பொத்தேரியில் அவள் படித்துக்கொண்டிருந்த காலேஜுக்கும் கொஞ்சநாள் அனுப்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜனங்கள் இன்னும் கலையாதபோது, “என் மானத்த வாங்கணும்னே பாடுறியா?” என்று கேட்டு அறைந்தார். நான் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் குழாயடியில் அவள் என்னிடம் வந்தாள். கன்னத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“அக்கா, நீங்க என் பக்கத்துலயே நிக்கிறீங்க. உங்களுக்குத்தான் கரெக்டா கேக்கும். நான் நிஜமாவே சுருதி விடறேனா?”

“கொஞ்சம்” என்றேன்.

“எனக்குத் தெரியவே மாட்டேங்குதுக்கா. உள்ள கேக்குறப்ப சரியாத்தான் இருக்கு.”

“உள்ள எல்லாருக்கும் சரியாத்தான்டா கேக்கும். மத்தவங்களுக்குக் கேக்குறதுதான் நிஜம்.”

அவள் தலையாட்டினாள். என் துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறிலிருந்து நான் சுத்தமாகப் பாடினேன். இதை நீங்கள் என் கணக்கில் நல்லதாகவோ கெட்டதாகவோ வைத்துக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால், இறங்கி நிற்கத் தேவையில்லாமல் போய்விட்டது. அவளே தடுமாற ஆரம்பித்திருந்தாள். சரியான சுரத்தில் இருந்துகொண்டே அது தப்பென்று பயந்து மேலே போனாள். மேலே போனதை உணர்ந்து கீழே வந்தாள். கயிற்றில் நடக்கிறவளிடம் கீழே பார் என்று ஒருமுறை சொன்னால் போதும்.

பெரிய வெள்ளியன்று அவள் தனியாகப் பாட வேண்டிய அடி வந்தது. ஆர்கன் ஆரம்பித்துக் கொடுத்தது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. சார் திரும்பவும் ஆரம்பித்துக் கொடுத்தார். இரண்டாம் தடவையும் வரவில்லை. மூன்றாவது தடவை அந்த அடியை நான் பாடினேன், மெட்டிலேயே. வாசலில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

பாட்டு போனதோடு பேச்சும் போய்விட்டது. இப்போது காற்றாகத்தான் பேசுகிறாள். பார்த்த டாக்டர்கள் எல்லாரும் தொண்டை நன்றாக இருக்கிறது என்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஊமை என்று நினைத்துக்கொண்டு காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். சுந்தர்சிங் சார் குழுவை விட்டுவிட்டார். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மனிதர் அவர்தான், நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாட்டு வரும்போது எழுந்து வெளியே போய்விடுவார்.

நான் வாராவாரம் பியூலாவைப் பார்க்கப் போகிறேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போவேன். போனமுறை என் காதருகில் வந்து சொன்னாள், “நீங்க மட்டுந்தான்க்கா உண்மையச் சொன்னீங்க.” உரித்த சுளையை அவள் கையில் வைத்தேன்.

மன்னிப்புக் கேட்க இதைச் சொல்லவில்லை. குழுவை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வந்தேன், எடுத்துக்கொள்வதற்கு முன்னால் கணக்கைக் காட்டுகிறேன். என் அப்பாவுக்காக ஒருவரும் அழவில்லை. அதற்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது, சொல்லியாயிற்று.

உங்கள் முகத்தைப் பார்த்தால் அன்றைக்கு அந்தக் கேலியைப் பேசியது யார் என்று கேட்பீர்கள் போலிருக்கிறது. எலியேசர். ஆண்கள் வரிசையில் டெனர் பாடுகிறாரே, உங்கள் வீட்டில் ஃப்யூஸ் போனால் வந்து போட்டுக்கொடுக்கிறாரே, அவர்தான். நல்ல மனிதர். அடக்கத்துக்குக் குழு வராது என்றது சார். பியூலா அன்றைக்குச் சிரித்தவள் பாதியிலேயே நிறுத்தி, “பாவம்பா, அப்படிச் சொல்லாதீங்க” என்றாளாம். ஞானஜோதி சத்தியம் செய்கிறாள். இருக்கலாம். நான் அதைக் கேட்கவில்லை. மொத்தக் குழுவும் சிரித்துக்கொண்டிருந்தது, எனக்கு அவள் சிரிப்பு ஒன்றுதான் கேட்டது. என் காதில் விழாத குரல்களை நான் எதற்குத் தண்டிக்க வேண்டும்?