நட்டின் மேல் மஞ்சள் கோடு

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை மேடம், நின்றுகொண்டே சொல்கிறேன். எங்கள் ஷெட்டில்கூட நான் நாற்காலி போட்டுக்கொண்டதில்லை. பேசும்போது ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

திருத்தணியில் சித்தூர் ரோட்டில் இருக்கிற அந்த மெக்கானிக் ஷெட் எங்கள் நைனாவுடையது. அப்பா போன பிறகு நானும் தம்பி ஹேமநாதனும்தான் நடத்தினோம். அம்மா இறந்தபோது அவன் பள்ளிக்கூடம்கூடப் போக ஆரம்பிக்கவில்லை. நான்தான் வளர்த்தேன். எனக்கு வரன் வந்தபோதெல்லாம் அவனுக்கு ஏதாவது பரீட்சை இருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்களுக்குள் எந்தக் குறையும் இல்லை.

போன வருஷம் அம்மையார்குப்பத்திலிருந்து சுஜாதா வந்தாள். தறி வீட்டுப் பெண். வண்டிக்கு பிரேக் வயர் மாற்ற வந்தவள், பிறகு பிரேக் வயர் அறுந்துபோகாத நாட்களிலும் வந்தாள். நல்ல பெண்தான். ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அதற்குள் ஹேமநாதனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கேயே வீடு பார்க்கப்போவதாகச் சொன்னான்.

"நீயும் வந்துடுக்கா. ஷெட்ட வாடகைக்கு விட்டுடலாம்" என்றான்.

நான் சிரித்தேன். அன்றிலிருந்துதான் எனக்கு இந்த நடை. படுத்தால் கால் நிற்காது. வாசலுக்கும் அடுப்படிக்குமாகப் போய்க்கொண்டே இருப்பேன்.

மணவூரில் ஒரு டாக்டர் வீட்டில் ஓடாமல் நின்றிருந்த பழைய டீசல் காரை அவன் வாங்கி வந்திருந்தான். எஞ்சினை முழுதாகப் பிரித்துச் செய்து, கல்யாணம் முடிந்ததும் அந்தக் காரிலேயே போவது என்று ஆசை. அதுவரை கிளட்ச், பிரேக் என்று மேல்வேலைதான் செய்திருக்கிறான். முழு எஞ்சின் அதுதான் முதல்முறை. அவன் ஒழுங்காகச் செய்தான். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு போல்ட்டைக்கூட அவன் அலட்சியமாகப் போடவில்லை.

டைமிங் பெல்ட் உங்களுக்குத் தெரிந்திருக்காது. உள்பக்கம் பல் வைத்த ரப்பர் பட்டை. பிஸ்டன் மேலே வரும்போது வால்வு விலகி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் இடித்துக்கொள்ளும். அந்தக் கணக்கைப் பெல்ட்தான் காப்பாற்றுகிறது. புல்லிகளில் குறி இருக்கும். எல்லாக் குறியும் நேராக நிற்கும்போது பெல்ட்டை மாட்டி, தொய்வு இல்லாமல் டென்ஷனர் உருளையை அழுத்தி வைத்து அதன் நட்டை இறுக்க வேண்டும். பிறகு கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்த்து, குறிகள் திரும்ப நேராக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அந்த வேலைக்கு டார்ச் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் ஷெட்டில் டார்ச் பிடிப்பது எப்போதும் நான். அன்றைக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் சுஜாதா பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"மேல இருக்கிற குறி கொஞ்சம் தள்ளி நிக்குதுங்க" என்றாள்.

அவன் குனிந்து பார்த்தான். ஒரு பல் தள்ளித்தான் இருந்தது. கழற்றித் திரும்ப மாட்டினான். "அக்கா, இவ உன்னவிட நல்லாப் பாக்குறா" என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். டீ ஆறிப்போயிற்று.

நட்டை இறுக்கியதும் அதன்மேலும் பக்கத்துத் தகட்டின்மேலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டான். நட்டு அசைந்தால் கோடு விலகிக் காட்டிக் கொடுக்கும். நைனாவின் பழக்கம் அது. பிறகு அவளைப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு, பெல்ட் கவருக்கு ஒரு போல்ட் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான்.

நான் ஸ்பேனரை எடுத்து நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். ரொம்ப இல்லை. கோடு விலகியது. துணியில் பெட்ரோல் நனைத்து அதைத் துடைத்தேன். அவன் வைத்துவிட்டுப் போன பிரஷ்ஷிலேயே புதுக்கோடு போட்டேன். அவன் கோட்டைவிட நேராக வந்தது. பழைய போல்ட் ஒன்றைத் தேடி எடுத்துக் கவரையும் மாட்டிவிட்டேன்.

வந்ததும், "மூடிட்டியாக்கா? உள்ள ஒருமுறை பாத்துட்டல்ல?" என்றான்.

"ஆங், பாத்துட்டேன்."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. நான் சொன்னால் அவன் மறுகேள்வி கேட்கமாட்டான்.

என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷெட்டு வாசலிலேயே பெல்ட் நழுவும், வால்வு வளையும், எஞ்சினை முதலிலிருந்து பிரிக்க வேண்டிவரும். வேலைக்குச் சேர வேண்டிய தேதி போய்விடும். தனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று அவனுக்கே புரியும். அவன் நல்லதற்குத்தான். ஆனால் வண்டி நன்றாக ஓடியது. கே.ஜி.கண்டிகை போய் வந்தான், அரக்கோணம் போய் வந்தான். ஒவ்வொரு தடவையும் ரோட்டு முனையில் சத்தம் கேட்கும்வரை நான் உட்காரவில்லை. சத்தம் கேட்ட பிறகும் உட்கார முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மலைமேல் வண்டிக்குப் பூஜை போடக் கிளம்பினான். சுஜாதா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மாலை, எலுமிச்சம்பழம்.

"நீங்களும் வாங்க அண்ணி" என்றாள்.

"கடையில ஆள் இல்லம்மா. போய்ட்டு வாங்க."

கடையில் அன்றைக்கு ஒரு வேலையும் இல்லை. வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி ஏறிவிட்டது. பூஜை முடிந்து மேலேயிருந்து போன் செய்தான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"செகண்ட் கியர்லயே இழுத்துகினு வந்துச்சிக்கா. எங்கயும் திணறல. இப்போ எறங்கப் போறோம்."

"இறக்கத்துல பிரேக்கத் தேய்க்காத. கியர்லயே விட்டு எறக்கு" என்றேன்.

எந்த டிரைவரும் சொல்கிற புத்திதான் அது. யாரைக் கேட்டாலும் சரி என்பார்கள். ஆனால் கியரில் விட்டு இறக்கும்போது வண்டியின் எடை முழுதும் எஞ்சினை இழுக்கும், தளர்ந்த பெல்ட் அதைத் தாங்காது என்பது எனக்குத் தெரியும். எஞ்சின் நின்றால் பிரேக் பெடல் கல்லாகிவிடும், மிதித்தாலும் பிடிக்காது என்பதும் தெரியும். வண்டியை அங்கேயே விட்டுட்டு நடந்து வாங்க என்று சொல்லியிருக்கலாம். போன் காதில்தான் இருந்தது. அவள் பக்கத்தில் ஏதோ சொல்வதும், அவன் சிரிப்பதும் கேட்டது. நான் போனை வைத்தேன்.

வளைவில் பெல்ட் நழுவி எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. வண்டி திரும்பவில்லை. இடது பக்கமாகச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. சுஜாதா அங்கேயே போய்விட்டாள். அவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவ்வளவோடு தப்பித்தான், முருகன் புண்ணியம்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் சொன்ன முதல் பேச்சு, "ஒரு பல்லு தப்பாப் போட்டுட்டேங்க்கா. அவதான் சொன்னா. நான் திரும்ப மாட்டும்போது தப்பாயிடுச்சி."

"மொத எஞ்சின்டா. யாருக்கும் ஆவும்" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அதன் பிறகு அவன் ஸ்பேனரைத் தொடவில்லை. வேலைக்கும் போகவில்லை. வீட்டிலேயே இருந்தான். நான் போட்டால் சாப்பிடுவான், படுக்கச் சொன்னால் படுப்பான். ராத்திரி பெல்ட், பெல்ட் என்று முனகுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவேன். ஆமாம், உட்காருவேன். அந்த மாதங்களில் என் கால் ஓய்ந்திருந்தது. அவன் அழும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்லி ஆற்றலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவன் உடம்பு அப்போது அதைத் தாங்காது.

நேற்று வக்கீலிடம் போய் வந்தவன், நீங்கள் அவன்மேல் போட்ட கேஸில் கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னான்.

"உள்ள போனாதாங்க்கா எனக்குத் தூக்கம் வரும். சுஜாதா அம்மா மூஞ்சப் பாக்க முடியல."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. முதல்முறையாக என் பேச்சைக் கேட்கவில்லை. ராத்திரி முழுதும் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். விடிந்ததும் இங்கே வந்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். நட்டைத் தளர்த்தியது நான். கோட்டை அழித்துப் புதிதாகப் போட்டது நான். கியரில் இறக்கச் சொன்னது நான். சுஜாதா செத்தது என்னால்தான், என் தம்பியால் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

அவனை விட்டுவிடுவீர்கள் அல்லவா. வெளியில் துரைக்கண்ணு அண்ணனின் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறான், நான் எதற்கு வந்தேன் என்று தெரியாது. நீங்களே சொல்லிவிடுங்கள். கேட்டதும் கோபப்படுவான். கொஞ்ச நாள் பேசமாட்டான். அப்புறம் என்னை ஜெயிலில் பார்க்க வருவான், வாராவாரம் வருவான். அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.