ஸமீஹா இறந்த இடம்

என் பெயர் புஷ்பவல்லி பிரேம்நாத். வயது நாற்பத்தேழு. சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்டில் வசிக்கிறேன், பரமட்டா பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி. புகலிடம் கோரியுள்ள யூசுப் என்பவரின் மேல்முறையீட்டுக்காக இதைச் சொல்கிறேன். அவர் எனக்கு உறவினர் அல்ல.

2018இல் ஆறு மாதம் விடுப்பெடுத்து, பெய்ரூட்டிலுள்ள பலஸ்தீன அகதி முகாமொன்றில் தொண்டர்கள் நடத்திய கிளினிக்கில் வேலை செய்தேன். எழுபது வருடத்து முகாம். சனம் பெருகியும் நிலம் பெருகாததால் வீட்டின் மேல் வீடாகக் கட்டியிருந்தார்கள். ஒழுங்கையில் இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். தலைக்கு மேல் மின்வயர்களும் தண்ணீர்க் குழாய்களும் பின்னிக் கிடந்தன. குழாயில் உப்புத் தண்ணீர்தான் வரும்.

யூசுபின் மனைவி ஸமீஹா ஐந்தாம் மாடியில் இருந்தார். இதய நோயாளி. படியிறங்கி மூன்று வருடமாகியிருந்தது. மார்ச் 14ஆம் திகதி காலை பத்து மணிக்கு யூசுப் கிளினிக்குக்கு ஓடிவந்து, மனைவிக்கு மூச்சு எடுக்க முடியவில்லை என்றார். நானும் மெல்பேர்னிலிருந்து வந்திருந்த டொக்டர் தனோஜனும் போனோம். அம்புலன்ஸ் முகாம் வாசலைத் தாண்டி வராது.

"சிஸ்டர், படியில ஸ்ட்ரெச்சர் திரும்பாது. கதிரையில இருத்திக் கட்டுங்கோ," என்றார் டொக்டர்.

அதன் பின்னர் ஸமீஹாவைப் பிளாஸ்டிக் கதிரையில் அவருடைய முக்காடுகளால் கட்டி, நான்கு பேர் சேர்ந்து இறக்கினோம். வயர்கள் தாழ்ந்திருந்த இடங்களில் கதிரையைச் சரிக்க வேண்டியிருந்தது. சரித்த ஒவ்வொரு முறையும் அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். மரக்கறிக் கடையடியில் சரித்தபோது மன்னிப்புக் கேட்கவில்லை. நாடி பார்த்தேன், இல்லை. நேரம் 10.50. வாசலுக்கு இன்னும் இருநூறு மீற்றர் இருந்தது.

அதன் பின்னர் ஆஸ்பத்திரியில், 11.40க்கு அங்கேயே இறந்ததாகச் சான்றிதழ் எழுதினார்கள். அடக்கம் செய்ய அந்தக் காகிதம் தேவைப்பட்டதால் நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. இடுகாட்டில் இடமில்லாததால் தாயின் குழியிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

யூசுப் இப்போது சிட்னியில் மகளுடன் இருக்கிறார். மனைவி ஒழுங்கையில் இறந்தார் என்று அவர் சொன்னது சான்றிதழோடு பொருந்தாததால், பொய் சொல்கிறார் என்று அவரது விண்ணப்பத்தை நிராகரித்திருக்கிறார்கள். அவர் சொன்னதே உண்மை. இதை எழுதித் தரும்படி டொக்டர் தனோஜனிடமும் போனில் கேட்டேன்.

"ஓம், எழுதித் தாறன். ஆனா அதால என்ன மாறப்போகுது, சிஸ்டர்?" என்றார்.

முகாமின் நிலை இப்போது மாறியிருக்குமா என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் அதிகாரி கேட்டார். அந்த ஐந்தாம் மாடிக்கு மேலே இன்னொரு மாடி கட்டியிருப்பதாக யூசுபின் தம்பி போன வாரம் சொல்லியிருக்கிறார். யூசுபுக்கு எழுபத்தொரு வயது, இரண்டு முழங்காலும் பழுது. திருப்பி அனுப்பினால் அவருக்கு ஒதுக்கியிருப்பது அந்த ஆறாம் மாடி அறை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் கண்டதும் செய்ததும் இவையே, எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

(ஒப்பம்) பு. பிரேம்நாத்