செத்த வீட்டுக் காசு

கல்லடித் தபால் கந்தோரில் ரேடியோ லைசன்ஸ் எடுக்கும் வரிசை. எனக்கு முன்னால் பழுகாமத்தில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர், அவருக்கு முன்னால் அவருடைய மச்சான்.

“நியாயத்துக்கு ரேடியோக்காரன்தான் எனக்குச் சம்பளம் தரவேணும்,” என்றார் கமக்காரர்.

“ஏன், நீயா பாடுறாய்?”

“எங்கட பக்கம் கரண்டும் இல்ல, குண்டு செய்யப் போயிருமெண்டு பற்றரி கொண்டுபோக ஆமிக்காரன் விடவும் மாட்டான். சைக்கிளக் கவுட்டு வெச்சு, டைனமோவுல இருந்து ரேடியோவுக்கு வயரக் கொழுவி, பெடலச் சுத்துறது நான். அவன் கொழும்பில ஃபேனுக்குக் கீழ இருந்து வாசிக்கிறான்.”

“செய்தி முடியுமட்டும் சுத்துவியோ?”

“செய்திக்குக் கைய எடுத்திருவன். மட்டக்களப்புல ஒரு பிரச்சினையும் இல்லயெண்டு கேக்க நான் ஏன் வேர்க்கோணும்? மரண அறிவித்தலுக்குத்தான் சுத்துறது.”

“அதுல என்ன இருக்கு?”

கமக்காரர் லைசன்ஸ் காசை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“அரசாங்கக் காசுல வாசிக்கிற செய்தியில ஒருத்தரும் சாகிறதில்ல, மச்சான். செத்த வீட்டுக்காரர் காசு கட்டி வாசிக்கிற அறிவித்தலுல, போன கிழமை எங்கட ஊராக்கள் மட்டும் மூணு பேர்.”