கொதிகலனும் சேர்த்து

ரொட்டியைச் சூடு ஆறுவதற்குள் கதவில் தொங்கவிட்டுவிட வேண்டும். பதினோரு வருடத்தில் ஆறிய ரொட்டி என்று என்மேல் ஒரு புகார் வந்ததில்லை. அங்காராவில் அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் அந்தக் கட்டடத்தின் காவல்காரன். அடித்தளத்தில், வீடுகளுக்குச் சூடேற்றும் கொதிகலனுக்குப் பக்கத்து அறையில் குடும்பத்தோடு இருந்தேன். காலையில் எட்டு வீடுகளுக்கு ரொட்டியும் செய்தித்தாளும். பிறகு படிக்கட்டு. குளிர்காலத்தில் நிலக்கரி, பனி. மூன்றாம் மாடியில் ரெஃபெத் ஹோஜா. பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னவர், அதனால் ஹோஜா. அவர் செய்தித்தாளில் எழுதியதெல்லாம் மார்க்கத்துக்கு விரோதமானது. நான் படித்ததில்லை. தினமும் அதைச் சுமந்து மூன்று மாடி ஏறியிருக்கிறேன், படித்ததில்லை. இட்ரிஸ் படித்துச் சொன்னான்.

இட்ரிஸ் வியாழக்கிழமை மார்க்கக் கூட்டத்தில் பழக்கமானவன். மரியாதை தெரிந்தவன். ஹோஜா எப்போது வெளியே வருவார் என்பது அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. மிரட்டல் கடிதங்கள் வந்தபின், கிளம்பும் நேரத்தைத் தினமும் மாற்றச் சொல்லியிருந்தது போலீஸ். அவரும் மாற்றினார். மனைவியைத் தவிர என்னிடம் மட்டும் சொல்வார். கார்மேல் கிடக்கும் பனியை நான்தானே தள்ள வேண்டும். அவர் இறங்கப் போகும்போது அடையாளமாகப் பனித் துடைப்பத்தை வாசலுக்கு வெளியே சாய்த்து வைப்பது. என் பங்கு அவ்வளவுதான். கனமான வேலை இல்லை.

ஒரு சிக்கல் இருந்தது. அந்த வீட்டு உப்பை நான் தின்றிருந்தேன். ஹோஜாவின் மனைவி மெலாஹத் அம்மா எங்களுக்குக் கொடுத்தனுப்பாத பண்டிகை கிடையாது. என் மகளுக்கு மூச்சுத் திணறியபோது ஹோஜா தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உப்பிட்டவரின் உரிமையைத் தோளில் சுமந்துகொண்டு மறுமைக்குப் போகிறவன் நான் அல்ல. 'ஹலால்' என்று அவர் வாயால் சொல்லி அதை விட்டுக்கொடுக்க வேண்டும். தூரப் பயணம் போகும்போது ஒருவரிடம் ஒருவர் கேட்பதுதான். வழக்குப் போடுகிற நீங்களும் கேட்டிருப்பீர்கள் ஐயா.

இட்ரிஸிடம் சொன்னேன்.

"என்னண்ணே இது, சாகப்போறவன்கிட்டப் போயி ஹலால் கேட்டுக்கிட்டு?"

"செத்தப்புறம் கேட்டா சொல்லுவாராடா?"



மறுநாள் ரொட்டியைத் தொங்கவிடாமல் மணியை அடித்தேன். ஹோஜா செருப்போடும் கம்பளிச் சட்டையோடும் வந்து நின்றார்.

"ஹோஜா, தெரிஞ்சும் தெரியாமலும் எவ்வளவோ பண்ணியிருப்பேன். எனக்கு ஹலால் பண்ணிடுங்க."

"என்னடா துர்சுன், ஹஜ்ஜுக்குக் கிளம்பிட்டியா?"

"மனுஷ உயிரு. எப்ப என்ன ஆகும்னு யாரு கண்டா?"

நான் பொய் சொல்வதில்லை.

"எல்லாம் பண்றேன். ஆனா போன குளிர்ல நாலு நாள் கொதிகலன அணைய விட்டியே, காலெல்லாம் மரத்துப் போச்சு. அத மட்டும் விடமாட்டேன். மறுமையில உன்ன நிக்கவெச்சுக் கேப்பேன்."

உள்ளேயிருந்து மெலாஹத் அம்மாவின் குரல் வந்தது. "மறுமையே கிடையாதுன்னு எழுதுற மனுஷன் பேசுற பேச்சப் பாரு."

இருவரும் சிரித்தார்கள். நான் இறங்கி வந்துவிட்டேன். முழுதாகச் சொல்லாதது சொல்லாததுதான்.

ஒன்பது நாள் துடைப்பம் உள்ளேயே இருந்தது. எதிர்த்தெரு தேநீர்க் கடையில் இட்ரிஸின் ஆட்கள் ஒன்பது நாளும் வந்து உட்கார்ந்து எழுந்து போனார்கள். "உன் மனசாட்சியால எங்களுக்கு வயிறு கெட்டுப்போச்சுண்ணே, எத்தனை டீதான் குடிக்கிறது?" என்றான் இட்ரிஸ். ஹோஜா அந்த ஒன்பது நாள் உயிரோடிருந்தது என் நேர்மையால். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. விடியுமுன் எழுந்து நிலக்கரி போட்டேன். அவர் வீட்டுக்குப் போகும் குழாயில் காற்றை எடுத்துவிட்டேன். அந்த வீடு அவ்வளவு கதகதப்பாக எந்தக் குளிர்காலத்திலும் இருந்ததில்லை.

பத்தாம் நாள் காலை ஒன்பதரைக்குக் கிளம்புவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பதுக்கே கீழே வந்து என் அறைக் கதவைத் தட்டினார்.

"வீடு வெந்நீர்க் குளியலறை மாதிரி கொதிக்குதுடா. மெலாஹத் சன்னலத் திறந்து வெச்சிருக்கா. சரி போ, ஹலால்."

"கொதிகலனும் சேர்த்தா ஹோஜா?"

"கொதிகலனும் சேர்த்துதான்."

"மூணு தரம் சொல்லிடுங்க."

"உன்னோட பெரிய இம்சைடா." மூன்று தரம் சொன்னார். பிறகு என் தோளில் கை வைத்தார். "நீயும் எனக்குப் பண்ணணும்ல? நானும் உன்னை எவ்வளவோ விரட்டியிருப்பேன்."

"பனியத் தள்ளிட்டு வந்துடறேன் ஹோஜா" என்றேன். துடைப்பத்தை எடுத்துப்போய்க் காரைச் சுத்தம் செய்தேன். பிறகு அதை வாசலுக்கு வெளியே சாய்த்து வைத்துவிட்டுக் கொதிகலன் அறைக்குப் போனேன். இரண்டு சத்தம் கேட்டது. மூன்றாவது மெலாஹத் அம்மாவுடையது.

இட்ரிஸ் பிடிபட்டு என் பெயரைச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் இதைக் கொலை என்கிறீர்கள். கொல்லப்பட்டவரே மூன்று தரம் விட்டுக்கொடுத்த பிறகு, வழக்குப் போட நீங்கள் யார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அடக்கத்துக்கும் போனேன். பள்ளிவாசல் முற்றத்தில் மூன்றாம் வரிசையில் நின்றேன். இமாம் வழக்கப்படி பெட்டியருகே நின்று, இவர்மேல் உங்களுக்குள்ள உரிமையை ஹலால் செய்கிறீர்களா என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் முற்றமே ஒரே குரலில் 'ஹலால்' என்றது.

நான் வாய் திறக்கவில்லை. வாசற்படியிலிருந்து அவர் இரத்தத்தைத் தேய்த்தெடுக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.